ஒரு நாள் ஊசி, இருபது நாள் கணக்கு

கீமோ என்றால் மருந்து ஏறும் அந்த ஒரு நாள்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மிச்சமுள்ள இருபது நாட்களை நோயாளியும் அவர் வீடும் எப்படிக் கடக்கிறார்கள்?

காலை ஐந்தரை மணி. சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் வரிசை அதற்குள் வளைந்து திரும்பிவிட்டது. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருக்கும் அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். தலையில் பருத்தித் துண்டு. மடியில் துணிப்பை. அதற்குள் ஃபைல், வெந்நீர் ஃபிளாஸ்க், ஒரு தட்டு, ஒரு டம்ளர், மடித்த போர்வை. பக்கத்தில் கட்டட வேலைக்குப் போகும் மகன்.

"எத்தனாவது கீமோ?" பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்கிறார். ஊர், பேர் விசாரிப்பதெல்லாம் இங்கே அப்புறம்தான்.

"நாலாவது. இது முடிஞ்சா வாராவாரம் போடுற மருந்துனு சொல்லியிருக்காங்க."

உள்ளே சிஸ்டர் அவருடைய புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். மூன்று முறை மருந்து ஏறிய நரம்பு கறுத்து இறுகிக் கிடக்கிறது. "நரம்பே கிடைக்க மாட்டேங்குதும்மா. கையைத் தொங்கப்போட்டு, விரலை மடக்கி மடக்கி விரிங்க." இரண்டாவது குத்தில்தான் ரத்தம் வருகிறது.

பத்தரை மணிக்கு ரிப்போர்ட். டாக்டர் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்துகிறார். "கவுண்ட் ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. இன்னிக்கு ஏத்த முடியாது. ஒரு வாரம் கழிச்சு வாங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. மகன்தான் கேட்கிறார். "கவுண்ட் ஏத்துற ஊசினு ஒண்ணு இருக்காமே சார், அதைப் போட்டு இன்னிக்கே ஏத்திற முடியாதா? நேத்திலருந்து வேலைக்குப் போகலை."

முடியாது. அந்த ஊசி வேலை செய்யவும் நாள் பிடிக்கும். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் செய்தது முழுக்கச் சரி. மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தால் அன்று அந்த அம்மாவுக்கு எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை. அவர் வீட்டிலோ இரண்டு நாள் கூலியும் இரண்டு பேர் பஸ் செலவும் போயிருக்கின்றன. அடுத்த வாரம் மறுபடியும் போகும்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. எல்லோருக்கும் கீமோ தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களுக்காக மருந்தின் விலை, காப்பீடு, படுக்கைகளின் எண்ணிக்கை பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்களுடைய நாட்களைப் பற்றிப் பேசியதில்லை. இந்தக் கட்டுரை அந்த நாட்களைப் பற்றியது.

நாற்காலியில் ஆறு மணி நேரம்

கவுண்ட் சரியாக இருந்தால் டே கேர் வார்டுக்கு அனுப்புவார்கள். சாய்வு நாற்காலியோ கட்டிலோ எது காலியோ அது. பொதுவாக நியூட்ரோஃபில் எனும் வெள்ளணு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1,500-ஐயும் தட்டணு 1 லட்சத்தையும் தொட்டிருக்க வேண்டும். சில மருந்துகளுக்கு இந்த அளவில் சற்றுத் தளர்வு உண்டு.

முதலில் ஏறுவது கீமோ இல்லை. வாந்தியைத் தடுக்கும் மருந்து, ஒவ்வாமையைத் தடுக்கும் மருந்து, ஸ்டீராய்டு எல்லாம் ஏறி முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். பிறகு முக்கிய மருந்து. மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் தரப்படும் டாக்சோரூபிசின் அடர் சிவப்பாக இருக்கும். நோயாளிகள் எல்லோருக்கும் அது 'சிவப்பு மருந்து'தான். அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லி அனுப்பாததால், ரத்தம் போகிறது என்று நடுராத்திரியில் அலறியடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், தொடங்குவதற்கு முன்பே எக்கோ எடுத்துவிடுவார்கள். சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகத்தைக் காக்க முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்பு நீர் ஏற வேண்டும். காலையில் உட்கார்ந்தவர் மாலையில்தான் எழுந்திருப்பார்.

ஊசி இறங்கிய இடத்தில் எரிச்சல் தெரிந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துப் புண்ணாக்கும் மருந்துகள் இவற்றில் இருக்கின்றன. பொறுத்துக்கொள்வது நம் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்து பழக்கப்படுத்தப்பட்டது. இந்த ஓர் இடத்தில் அது உடம்புக்கு ஆபத்து. நரம்பு கிடைக்காதவர்களுக்குக் கையிலோ கழுத்துக்குக் கீழேயோ பிக் லைன், போர்ட் என்று நீண்ட நாளுக்கான வழி வைத்துவிடலாம். பிக் லைனை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் பஸ் ஏற வேண்டும்.

வார்டுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பெயர் 'கரண்ட்'. "கீமோ முடிஞ்சாச்சு, இனிமே கரண்ட் இருபத்தஞ்சு நாள்" என்பார்கள். எந்தப் பாட்டிலுக்கு வாய் கசக்கும், எந்த ஊசிக்கு இடுப்பெலும்பு குடையும் என்று முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பல வீடுகளில் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதே இல்லை. 'கட்டி', 'புண்ணு', 'ரத்தம் சரியில்லை' என்று மகன்களும் மருமகள்களும் பூசி மெழுகி அழைத்து வருகிறார்கள். இரண்டாவது கீமோவுக்குள் பக்கத்து நாற்காலிக்காரர் வழியாக அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் வீட்டாருக்காகத் தெரியாதவராகவே இருந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கனத்துப்போகிறது. யாரிடம் போய் அவர் பயத்தைச் சொல்வார்?

━━━━━━━━━━━━
சென்னையில் படித்தவர், சுடுகாட்டில் பூத்தது

● முதல் கீமோ மருந்து போர்க்களத்திலிருந்து வந்தது. கடுகு வாயுவோடு உறவுள்ள நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் குழுவினர் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின, ஆனால் மீண்டும் வளர்ந்தன.

● ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-ல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். அந்த மருந்தை உருவாக்கித் தந்தது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

● நம் ஊர் இடுகாடுகளிலும் வேலியோரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் மருந்துகள் கிடைக்கின்றன. 1950-களில் கனடாவில் நீரிழிவு ஆராய்ச்சியின்போது வின்பிளாஸ்டின் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இச்செடி ஏற்றுமதிப் பயிர். இலையை வீட்டில் அரைத்துக் குடிப்பது ஆபத்து, அது நஞ்சு.

● அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கியது.
━━━━━━━━━━━━

தாளிக்கும் வாசனை ஆகாத வீடு

வேகமாகப் பிரியும் அணுக்களைத் தேடி அழிப்பதுதான் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. புற்றணுக்கள் அப்படிப் பிரிகின்றன. முடியின் வேரும், வாய் முதல் குடல் வரையுள்ள உள்தோலும், எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான் பிரிகின்றன. மருந்துக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நோயாளியின் மூன்று வாரமும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே அமைகிறது.

முதல் இரண்டு இரவுகள் தூக்கம் இருக்காது. ஸ்டீராய்டு விழிக்க வைத்திருக்கும். "இந்தத் தடவை நல்லாத்தான் இருக்காங்க" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். மூன்றாம் நாள் ஸ்டீராய்டு மாத்திரை நின்றதும் உடம்பு அடித்துப்போட்டதுபோல் விழுந்துவிடும். சிஸ்பிளாட்டின் ஏறியவர்களுக்குக் குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். கடுகு வெடிக்கும் வாசனை, மீன் குழம்பு கொதிக்கும் வாசனை, பக்கத்து வீட்டுச் சாம்பிராணி என எது குமட்டும் என்று சொல்ல முடியாது. தண்ணீரே இரும்பு போலக் கசக்கும். மோர்ச் சாதம் இறங்கும், இட்லி இறங்கும், சிலருக்குக் கஞ்சி மட்டும் இறங்கும். வாய்ப்புண் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. வாந்தியை நிறுத்தும் மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதைக் கேட்க வெட்கப்பட்டு நாலு நாள் அவதிப்படுவார்கள். கேட்டால் ஒரு சிறு மருந்தில் சரியாகிவிடும்.

மருந்து ஏறிய பின் சுமார் 48 மணி நேரத்துக்கு நோயாளியின் சிறுநீர், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து கலந்திருக்கும். கழிவறையில் இருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், கழுவி விடுகிறவர் கையுறை போட வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கும் பொதுக் கழிவறைக்குப் போகும் குடும்பத்துக்கும் இந்த அறிவுரையை எப்படிச் சொல்வது? மருத்துவமனைத் துண்டுப் பிரசுரங்கள் தனிக் கழிவறை உள்ள வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. நோயாளியைத் தொடுவதாலும் கூடச் சாப்பிடுவதாலும் எதுவும் ஒட்டிக்கொள்ளாது என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் போட வேண்டும். தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

சில மருந்துகளின் பாதிப்பு மெதுவாகச் சேர்கிறது. பாக்ளிடாக்செல் வாராவாரம் ஏற ஏற விரல் நுனி மரத்துப்போகும். ஜாக்கெட் ஊக்கு மாட்ட வராது. செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமல் நடப்பார்கள். பூ கட்டிப் பிழைக்கிறவருக்கும் தையல்காரருக்கும் தறியில் உட்காருகிறவருக்கும் இது தொழிலையே பறிக்கும் விஷயம். மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ஆக்சாலிபிளாட்டின் போட்டவர்கள் குளிர்ந்ததைத் தொட முடியாது. ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரலில் ஷாக் அடிக்கும். இந்த மரத்துப்போதலை முதலில் உணரும்போதே டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. "கீமோன்னா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

எட்டாம் நாள் இரவு

மருந்து ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். குமட்டல் போய், பசி எடுத்து, நோயாளி தெருவில் நாலு எட்டு நடந்து பார்க்கிற நாட்கள் இவை. கீமோ காலத்தில் மிக ஆபத்தான நாட்களும் இவையே.

இந்த நாட்களில் உடம்புச் சூடு 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. எதிர்த்து நிற்க அணுக்கள் இல்லாததால், தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிரைப் பறித்துவிடலாம். மருத்துவமனை வாசலைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது புற்றுநோய் மருத்துவத்தில் உலகமெங்கும் பின்பற்றப்படும் நெறி.

ஊரில் நடப்பது என்ன? ராத்திரி பத்து மணிக்கு உடம்பு சுடுகிறது. மெடிக்கலில் ஒரு பாராசிட்டமால். சூடு இறங்குகிறது, எல்லோரும் தூங்கப் போகிறார்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்ததே தவிர, தொற்று உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. விடிந்ததும் பக்கத்து டவுன் கிளினிக்குக்குப் போனால், கீமோ போட்டுக்கொண்டிருக்கிறவர் என்று கேட்டதுமே "நீங்க மெட்ராஸ்க்கே போயிடுங்க" என்கிறார்கள். சென்னை வந்து சேரும்போது மதியம் ஆகியிருக்கும். பதினைந்து மணி நேரம் போய்விட்டது.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். மருந்து ஏற்றும் திறமையில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. மருந்து ஏறிய பின் வரும் இரவுகளுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. புற்றை வென்றுகொண்டிருந்தவர் ஒரு காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்தியைக் கேட்காத வார்டு இருக்காது.

━━━━━━━━━━━━
கீமோ வீட்டில் இருக்க வேண்டியவை

● தெர்மாமீட்டர். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது.

● ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள். மருந்தின் பெயர், கடைசியாக ஏறிய தேதி, 'கீமோ நோயாளி, காய்ச்சல் வந்தால் அவசரம்' என்ற வரி. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் இதை நீட்ட வேண்டும்.

● குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி அல்லது பேதி, ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் தெரிந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

● காய்ச்சிய தண்ணீர், சூடாகச் சமைத்த சாப்பாடு. சளி, இருமல் உள்ள விருந்தாளி போனில் நலம் விசாரித்தால் போதும்.

● பப்பாளி இலைச் சாறு, மூலிகைப் பொடி எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். சில பொருட்கள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும்.
━━━━━━━━━━━━

"எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

முடி முதல் கீமோவுக்குப் பின் இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்குகிறது. தலையணையில், சீப்பில், குளியலறை ஓட்டையில் கொத்துக் கொத்தாக. எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. சிவப்பு மருந்துக்கும் பாக்ளிடாக்செலுக்கும் பெரும்பாலும் கொட்டும். புருவமும் இமையும்கூட உதிரும். கொட்டுவதை நாள்தோறும் பார்க்க மனமில்லாமல் மழித்துவிடுகிறவர்கள் உண்டு. சில வீடுகளில் கணவரே மழித்துவிடுகிறார், கூடவே தன் தலையையும் மழித்துக்கொள்கிறார்.

மொட்டைத் தலை நம் ஊரில் புதிதல்ல. பழனியும் சமயபுரமும் திருப்பதியும் இருக்கிறபோது "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். ஏதோ ஒரு கோயில் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. பலர் அப்படியே தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே மொட்டைத் தலைக்கு, கணவனை இழந்த பெண்களை மழித்து மூலையில் உட்கார வைத்த ஒரு பழைய நினைவும் இருக்கிறது. மூத்த பெண்கள் முடியை நினைத்து அழும்போது, "உயிரே பெரிசு, முடி என்ன முடி" என்று அதட்டுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் தாய்க்கு நோய் வந்தால், நோயைவிட முடியை மறைப்பதுதான் பெரிய வேலையாகிறது. மகளுக்கும் வந்துவிடும் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள் என்ற பயம்.

தமிழகத்தின் கல்லூரிகளில் மாணவிகள் விக் செய்யக் கூந்தலை வெட்டித் தருகிறார்கள். நல்ல காரியம். மருந்து நின்ற சில மாதங்களில் முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், சிலருக்குச் சுருட்டையாக.

காப்பீடு கொடுப்பதும் கொடுக்காததும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கீமோவும் அதில் அடக்கம். 2019-ல் தேசிய மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 சதவீதம் என்று வரம்பு கட்டியது. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இவை எல்லாம் உண்மையான உதவிகள். இவற்றால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இப்போது நாட்களை எண்ணுவோம். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு கீமோ, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. தள்ளிப்போகாமல் நடந்தால் 24 வாரம், மருந்து ஏறும் நாட்கள் 16. ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாளே வரவேண்டியிருந்தால் 32. கூட ஒருவர் வருகிறார், அவருக்கும் 32. ஸ்கேன், பிக் லைன் சுத்தம், கவுண்ட் குறைந்து திரும்பிப் போன நாட்கள் எதுவும் இதில் சேரவில்லை. அறுவைச் சிகிச்சையும் கரண்ட்டும் இன்னும் தொடங்கவே இல்லை. நோயாளியின் வாழ்நாளைச் சிகிச்சையே தின்றுவிடும் இந்த நிலையைப் புற்றுநோய் மருத்துவர்களே இப்போது ஒரு பக்கவிளைவாக எண்ணி, ஆய்விதழ்களில் விவாதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் சிகிச்சையே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடும். தாய் மருத்துவமனைக்கு அருகே வாடகை அறையில், தந்தை ஊரில் வேலையில், இன்னொரு பிள்ளை பாட்டி வீட்டில் என்று ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது.

இழந்த கூலிக்கு ஈடு கொடுக்க முடியாதா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், தகுதி நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்கும்பட்சத்தில், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், பதிவு பெற்ற நிறுவனம் என்ற வரம்புக்குள் இருந்தால்தான். சித்தாளுக்கும் களை எடுப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் இந்தக் கதவு இல்லை. காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் போடப்பட்டது, 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. அதே வழியில் கீமோ நடக்கும் மாதங்களுக்கு நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு தொகை போடுவதில் நிர்வாகச் சிக்கல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே அவர்கள் பெயர் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த மருந்து ஏறியது என்பதுகூட இருக்கிறது.

நாற்காலி மாவட்டத்துக்கு வருகிறது

2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் டே கேர் மையம் அமைக்கப்படும் என்றும், அந்த ஆண்டிலேயே 200 மையங்கள் என்றும் அறிவித்தார்கள். திட்டத்தைச் சென்னையின் நிபுணர் வகுக்க, மருந்தைச் சொந்த மாவட்டத்தில் ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் செய்யாற்று அம்மாவின் இரவுப் பயணங்களில் பெரும்பகுதி மிச்சமாகும். கவுண்ட் குறைந்து திருப்பி அனுப்பினாலும் மகனுக்குப் போவது அரை நாள்தான்.

ஆனால் நாற்காலி மட்டும் வந்தால் போதாது. மருந்தைக் கலக்கும் ஊழியரின் மூச்சில் அது போகாமல் காக்கும் கண்ணாடிப் பேழை வேண்டும். நரம்பிலிருந்து கசிந்தால் என்ன செய்வது என்று பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் வேண்டும், அவர்களை ஆறு மாதத்தில் வேறு வார்டுக்கு மாற்றாமல் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு மணி நேரத்தில் வர வேண்டும். மருந்து தீர்ந்துவிட்டது என்று ஒரு நோயாளியையும் திருப்பி அனுப்பக் கூடாது.

எட்டாம் நாள் இரவுக்கு இதெல்லாம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்குச் சுவரில் ஒட்ட ஒரு பக்க வழிமுறை, அலமாரியில் முதல் டோஸுக்கான ஆன்டிபயாட்டிக், சந்தேகம் வந்தால் அழைக்கப் புற்றுநோய் மருத்துவமனையின் ஒரு தொலைபேசி எண். அதே எண் நோயாளியின் ஃபைல் அட்டையிலும் பெரிதாக அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும். மறுமுனையில் எடுத்துப் பேசுகிறவர் தமிழில், அவசரப்படாமல், "சூடு எவ்வளவு இருக்கும்மா? கடைசி கீமோ என்னிக்குப் போட்டீங்க?" என்று கேட்கத் தெரிந்த ஒரு சிஸ்டராக இருந்தால் போதும். புதுக் கட்டடமோ புது இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.